லூர்துக்குப் போகாத போத்தல்

எங்களுக்கு விடுமுறை என்றால் ஊர் என்றுதான் அர்த்தம். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த இருபத்திரண்டு வருடங்களில் நாங்கள் விமானம் ஏறிப் போன இடம் மன்னார் ஒன்றுதான். போகும்போது பெட்டி நிறையச் சொக்லேட்டும் ஒலிவ் எண்ணெயும் யார் யாரோ கொடுத்துவிட்ட பார்சல்களும். வரும்போது மிளகாய்த்தூளும் கருவாடும் இன்னும் யார் யாரோ கொடுத்துவிட்ட பார்சல்களும். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு செத்தவீடு, ஒரு காணிப் பிரச்சினை. திரும்பி வந்து இறங்கும்போது போனதைவிடக் களைத்துப் போயிருப்போம். வேலை செய்கிற வீடுகளில் அதையும் விடுமுறை என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம்.

இந்த முறை வேறு இடத்துக்குப் போனதற்குக் காரணம், இவர் படிக்கட்டில் நித்திரையானது. என் கணவருக்கு இரண்டு வேலை. காலையில் மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளைக் கழுவித் துடைப்பார். பின்னேரத்திலிருந்து வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்தில் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவுவார். ஒரு நாள் மூன்றாம் மாடிப் படியில், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து நித்திரையாகிவிட்டார். அந்த மாடி வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஆள் முடிந்தது என்று நினைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டா. அம்புலன்ஸ்காரர் நெஞ்சில் கை வைத்தபோதுதான் இவர் கண்ணைத் திறந்தாராம். இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எழும்பி மிச்சப் படிகளைத் துடைக்கத் தொடங்கினாராம்.

எங்கள் டொக்டர் இவரைத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, கடைசியில் மருந்து ஒன்றும் எழுதவில்லை. இந்த ஆளுக்கு நித்திரைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் அது நடக்காது. எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் பல்லாரோ சந்தை. விடிய ஐந்து மணிக்கே மீன்காரர் கூப்பாடு போடத் தொடங்கிவிடுவார். அதோடு, இவர் வீட்டில் சும்மா இருக்கிறார் என்று தெரிந்தால் யாராவது ஒரு நாள் வேலைக்குக் கூப்பிடுவார்கள். இவரும் போவார்.

மகள்தான் போனை நோண்டி ஒரு மலிவு டிக்கெட்டைக் கண்டுபிடித்தாள்.

"சரி அம்மா, இந்த முறை ஊர் வேண்டாம். அங்கை போனால் அப்பா இன்னும் களைச்சுப்போவார். கரீபியனிலை ஒரு தீவு. அரை விலை."

கரீபியன் என்றால் பணக்காரர் போகும் இடம் என்று நினைத்திருந்தேன். புயல் மாதத்தில் பணக்காரர் போகமாட்டார்கள் என்றும், அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறக்கும் என்றும் மகள் விளக்கினாள். எங்கள் இருவருக்கு மட்டும் டிக்கெட். கடல் தெரியாத அறை, சாப்பாடு கிடையாது, ஆளுக்கு ஒரு கைப்பெட்டி மட்டும். சாப்பாடு கிடையாது என்றால் எனக்கென்ன? சின்ன ரைஸ் குக்கரையும், கறித்தூளையும், நாலு மீன் டின்னையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் உடுப்பை மடிக்கத் தொடங்கினேன்.

யாருக்கும் சொல்லுவதில்லை என்று முடிவெடுத்தோம். ஊரில் இவருடைய தம்பியின் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். இந்த நேரத்தில் நாங்கள் கடலில் கால் நனைக்கப் பறந்து போகிறோம் என்றால் மன்னாரில் கேட்கும் கேள்வியை விடுங்கள், இங்கே எங்கள் அல்பெர்கேரியாப் பகுதியிலேயே கேட்பார்கள். கடல் பார்க்கிறதென்றால் மொந்தெல்லோவுக்கு பஸ் ஓடுகிறதுதானே என்பார்கள். நானே வேறு ஆட்களைப் பற்றி அப்படிக் கதைத்தவள்தான். அந்தப் பாவத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நிற்கும்போது ஒரு பெண் வந்து பிடித்துக்கொண்டா. அவவின் மகனும் இவரோடு அதே குசினியில் வேலை செய்கிறவன்.

"லீவு கேட்டிருக்கிறியளாம். ஊருக்கோ?"

கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் ஒரு சிகரெட்டைக்கூட எனக்கு ஒளித்துக் குடிக்கத் தெரியாத மனிதர், கண்ணை இமைக்காமல் சொன்னார்: "இல்லை, லூர்துக்கு."

வீட்டுக்கு வந்து நான் பேசிய பேச்சை எழுதினால் அச்சுப் போடமாட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் யாத்திரை போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை. ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போகிறவரின் கையில் அயலட்டை முழுவதும் தன் நேர்த்தியைக் கொடுத்துவிடும். இங்கேயும் அதே வழக்கம்தான். நானே எத்தனையோ பேரிடம் மெழுகுதிரி கொடுத்துவிட்டிருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த மனிதரின் வாயிலிருந்து, போயும் போயும் பிரான்சிலுள்ள அந்த மாதா ஊர்தான் வந்தது.

"உல்லாசத்துக்குப் போறம் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது," என்றார். எனக்கும் அதே வெட்கம்தான்.

அந்தக் கிழமை முழுவதும் கதவு தட்டப்பட்டது. மடித்து ஒட்டிய கடதாசிகள், மெழுகுதிரிகள், மாதாவின் குகைக் கெபியில் தொட்டு எடுத்துவரச் சொல்லி ஒரு செபமாலை, நடக்கப் பிந்திய ஒரு குழந்தையின் சின்னச் சட்டை. ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தேன். மாதாவுக்கு எழுதிய கடதாசிக்குப் பெட்டியில் இடமில்லை என்று எந்த வாயால் சொல்லுவது? பிறகு தபாலில் லூர்துக்கு அனுப்பிவிடலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக வந்தவள் ஒரேத்தோத் தெருவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிற வன்னிப் பிள்ளை. படுக்கையோடு கிடக்கும் ஒரு முதிய சிஞ்ஞோராவைப் பார்க்கிறாள். சிஞ்ஞோராவின் கட்டிலில் ஒரு கைமணி இருக்கும். அது அடித்தால் இரவோ பகலோ எழும்பிப் போகவேண்டும். பதினொரு வருடமாக அந்த மணிதான் அவளுடைய வாழ்க்கை. பிள்ளைகள் இருவரும் ஊரில் கன்னியாஸ்திரிமாரின் விடுதியில் படிக்கிறார்கள். பிள்ளைகளின் தகப்பனைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. அவளுக்கு இத்தாலியன் குசினி அளவுக்குத்தான் வரும். பத்திரம் நிரப்ப, டொக்டரிடம் போக, நான்தான் கூடப் போவேன். வியாழக்கிழமைப் பின்னேரம்தான் அவளுக்கு ஓய்வு. நாங்கள் வெள்ளி புறப்படுகிறோம் என்று, அன்று வந்தாள்.

பைக்குள்ளிருந்து மாதா உருவத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்தாள். மாதாவின் நீலக் கிரீடம்தான் அதன் மூடி. முன்பு யாரோ லூர்துத் தண்ணீரோடு கொடுத்ததாம். சிறுகச் சிறுகக் குடித்து முடித்துவிட்டாள்.

"இதை நிரப்பிக் கொண்டு வாங்கோ அக்கா. வேறை ஒண்டும் வேண்டாம்."

"என்ன நேர்த்தி பிள்ளை?"

"பிறகு சொல்லுறன்."

முகம் வெளிறிப்போயிருந்தது. எங்கள் மாடிப்படி ஏறி வந்ததற்கு மூச்சு வாங்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. எனக்குப் பெட்டி மூடவேண்டியிருந்தது, காலும் கடுத்தது. களைப்பு மனுசரை அப்படித்தான் குருடாக்கி வைத்திருக்கும்.

போத்தல் நசுங்கிவிடக்கூடாது என்று ரைஸ் குக்கருக்குள் வைத்தேன். பலெர்மோ விமானநிலையத்தில் செக்கிங் செய்த மனிதர் குக்கர் மூடியைத் திறந்தார். உள்ளே மாதா படுத்திருந்தா. ஒன்றும் கேட்காமல் பக்குவமாக மூடி, எங்களைப் போகச் சொன்னார்.

மிலானில் எட்டு மணித்தியாலம் நாற்காலியில் கிடந்து, பிறகு பத்து மணித்தியாலம் முழங்கால் மடக்கிப் பறந்து, தீவில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குத் தகரக் கூரை, ஒரு மின்விசிறி, இரண்டு கட்டில். பின்வளவில் கோழிகள். இவர் சப்பாத்தைக் கழற்றினார், கட்டிலில் விழுந்தார். மூன்று நாள் நித்திரை கொண்டார். சோறும் மீன்டின் குழம்பும் ஆக்கி எழுப்பினால் எழும்பிச் சாப்பிடுவார், மறுபடி படுப்பார். தகரத்தில் அத்தனை மழை அடித்தும் அந்த மனிதர் புரளக்கூட இல்லை. இவ்வளவு நித்திரையை இவர் எங்கே வைத்துச் சுமந்து திரிந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் வந்தது.

எனக்கு நித்திரை வரவில்லை. முதல் நாள் ஐந்து மணிக்கே முழிப்பு வந்து, அறையைக் கூட்டி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கட்டில் விரிப்பை இழுத்து மடித்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. துப்புரவு செய்ய வந்த பெண் வாளியோடு வாசலில் நின்று நான் கூட்டிய நிலத்தைப் பார்த்தாள். ஸ்பானிஷில் அவள் கேட்டது என் இத்தாலியனுக்குப் பாதி விளங்கியது. என் வேலையில் ஏதும் குறையா, முதலாளியிடம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துக் காட்டினேன். பிளீச்சிங் பட்டு வெடித்த இரண்டு கையும் ஒரே மாதிரித்தான் இருந்தன. அவள் சிரித்துவிட்டு, என்னைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து கடற்கரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கதிரையைத் தண்ணீருக்குள் வைத்து, கணுக்கால் நனைய உட்கார்ந்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேறு எதையும் நினைக்காத சந்தோசம், அரை மணித்தியாலம் இருக்கும்.

அப்போது போனில் அந்த வன்னிப் பிள்ளையின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, லூர்து எப்பிடி? அண்ணைக்குச் சுகமோ? சொல்லுறன் எண்டு சொன்னன்தானே. கர்ப்பப்பையிலை கட்டியாம். புதன்கிழமை ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருக்கினம். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. நாளைக்குப் போன் பண்ணி அடுத்த மாசத்துக்கு மாத்தச் சொல்லப்போறன். நீங்கள் கொண்டுவாற தண்ணியைக் குடிச்சுப்போட்டுத்தான் போவன். ரத்தம் இறங்கிக்கொண்டு போகுது, பிந்தினால் ஆபத்து எண்டு டொக்டர் பேசினவர். மாதா இருக்கிறாதானே அக்கா. நீங்கள் எனக்காக நல்லா மண்டாடுங்கோ."

மூன்று தரம் கேட்டேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்து இவரை எழுப்பினேன். இவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து முகத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இஞ்சேரும், சந்தியிலை ஒரு கோயில் இருக்கு. அங்கத்தைச் சுவாமியாரைக் கொண்டு தண்ணியை ஆசீர்வதிச்சு எடுப்பம். மாதா இஞ்சையும் மாதாதானே."

"தண்ணி போய்ச்சேரச் சனிக்கிழமை ஆகும். ஒப்பரேசன் புதன்கிழமை. அவள் தண்ணி வராமல் போகமாட்டாள். விளங்குதோ உங்களுக்கு?"

இவருக்கு விளங்கியது. கைப்பெட்டியில் ஒரு போத்தல் தண்ணீர் ஏற்ற விடவும் மாட்டார்கள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. இந்த மலிவு டிக்கெட்டில் உண்மையாக லூர்துக்கே போயிருந்தாலும் அவளுடைய போத்தலை வெறுமையாகத்தான் கொண்டுவந்திருப்போம்.

"அவளுக்குச் சொன்னால், விடிய முழுப் பலெர்மோவுக்கும் தெரியும்," என்றார் இவர். "பிறகு ஊருக்கும் தெரியும்."

ஆனாலும் அந்தக் கோயிலுக்குப் போனோம். சின்னக் கோயில். சுவரில் ஈரம் ஊறியிருந்தது. கொண்டுவந்த கடதாசிகளையும் மெழுகுதிரிகளையும் சின்னச் சட்டையையும் மாதாவின் காலடியில் அடுக்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போத்தலின் கிரீடத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்லாமல் சொல்லுகிறேன், எனக்குக் கடவுளுக்குப் பயமாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் முற்றத்துக்குத்தான் பயமாக இருந்தது. தங்களுடைய நோயையும் கடனையும் கண்ணீரையும் எழுதித் தந்த சனத்துக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது? பிறகு அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கிரீடத்தை மூடிவிட்டு, வெளிப்படியில் இருந்து அவளைக் கூப்பிட்டேன். பலெர்மோவில் பின்னேரம். சிஞ்ஞோராவின் டிவி பின்னால் சத்தமாகக் கேட்டது.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். நான் லூர்திலை இல்லை."

"அங்கையிருந்து வெளிக்கிட்டிட்டியளோ?"

"போகவே இல்லை. நாங்கள் பொய் சொன்னனாங்கள். கரீபியன் எண்டு ஒரு தீவு. அண்ணைக்கு ஏலாமல் போச்சு, நித்திரை கொள்ளட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தன். உன்ரை தண்ணி என்னட்டை இல்லை. வரவும் வராது. நீ புதன்கிழமை போ."

அவள் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"கடலோ?" என்றாள் கடைசியில்.

"ஓம்."

அதற்குப் பிறகு அந்தக் கைமணி அடித்தது. போன் துண்டிக்கப்பட்டது.

மிச்ச நாட்களில் நான் எத்தனையோ தரம் எடுத்தும் அவள் பதில் சொல்லவில்லை. இவர் இப்போது நித்திரை முடிந்து உசாராக இருந்தார். கடற்கரைக்கு நடப்பார், கோழிகளோடு கதைப்பார், முகத்தில் ஒரு பத்து வயது குறைந்திருந்தது. அந்த முகத்தைக் கெடுக்க மனமில்லாமல் நானும் கூட நடந்தேன். புதன்கிழமை முழுவதும் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். இரவிலும் கண் மூடவில்லை. ஓய்வெடுக்கப் போன இடத்தில் அவ்வளவு களைத்துப்போனவள் நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை வந்து இறங்கினோம். ஞாயிறு பூசைக்குப் போகக் கால் கூசியது. முற்றத்தில் முதலில் எதிர்ப்பட்டது அந்தக் குசினிப் பையனின் தாய்தான்.

"நல்லாக் கறுத்துப்போனியள். லூர்திலை அவ்வளவு வெயிலோ?"

அப்படியென்றால் யாருக்கும் தெரியாது. அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவள் புதன்கிழமை போனாளோ இல்லையோ என்பதுதான் மனதில் நின்றது. பூசை முடியமுதலே நேராக ஒரேத்தோவுக்கு பஸ் எடுத்தேன்.

கதவைத் திறந்தவள் வேறொரு பெண், ருமேனியாக்காரி. அந்தக் கிழமைக்கு மட்டும் பிடித்த ஆள் என்றாள். எங்கள் வன்னிப் பிள்ளை செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு பையோடு பஸ் ஏறித் தனியே ஆசுப்பத்திரிக்குப் போனாளாம். உள்ளே மணி அடித்தது. ருமேனியாக்காரி ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் செருப்புச் சத்தத்துக்கே திரும்பினாள். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது கெட்ட கட்டி இல்லை என்று இரண்டு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரியாது. வெறும் போத்தலைப் பையிலிருந்து எடுத்து அலுமாரியில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"அழாதேங்கோ அக்கா. நான் கோவத்திலைதான் போன் எடுக்கேல்லை. பிறகு வெக்கத்திலை எடுக்கேல்லை."

"உனக்கென்ன வெக்கம்?"

"ஒப்பரேசனுக்கு முதல் நேர்ஸ் கேட்டவ, ஆர் உம்மோடை வந்தது எண்டு. என்ரை அக்கா லூர்துக்குப் போயிட்டா எண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடல் எப்படி என்று கேட்டாள். இளஞ்சூடு என்றேன். கதிரையைத் தண்ணீருக்குள் வைத்ததைச் சொன்னேன். அண்ணை எவ்வளவு நேரம் நித்திரை கொண்டார் என்று கேட்டாள். மூன்று நாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொஞ்சம் யோசித்தாள்.

"நானும் நாலு நாள். நோவுதான். ஆனால் ஒருத்தரும் மணி அடிக்கேல்லை. சாப்பாட்டை ஆரோ கொண்டுவந்து வைக்கினம். கோப்பையையும் அவையே எடுத்துக்கொண்டு போகினம்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தமிழ் விளங்காது, என்றாலும் தாழ்த்தினாள்.

"நாளைக்கு விடுறம் எண்டு டொக்டர் சொல்லுறார். உங்களுக்கு இத்தாலியன் நல்லா வரும்தானே அக்கா. இன்னும் ரெண்டு நாள் வைச்சிருக்கச் சொல்லிக் கேளுங்கோ."

எழும்பி வெளியே போனேன். டொக்டரின் அறைக் கதவு மூடியிருந்தது. என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றேன்.